டீச்சர் கையில் இருந்த கிளாஸில் என்ன?



ஆயுத பூஜை அன்று வீட்டில் எடுத்த படத்தை இங்கே போட்டிருந்தேன். சாமி படம், பூசணிக்காய், என் பழைய ஸ்கூட்டிக்குக் கட்டிய வாழைக்கன்று எல்லாம் அதில் இருந்தன. ஆனால் உங்களில் பாதிப் பேர் கண்ணில் பட்டது என் கையில் இருந்த கண்ணாடி கிளாஸ்தான். இளஞ்சிவப்பு நிறம், விளிம்பில் உப்பு. "டீச்சர், அது என்ன ஜூஸ்?" என்று கேட்டவர்கள் நல்ல பிள்ளைகள். "மிஸ், பலோமா மாதிரி இருக்கே" என்று எழுதியவன் பெங்களூரில் வேலை பார்ப்பவன், விவரமானவன். பெரியம்மா மகள் ஒருத்தி போனே போட்டுவிட்டாள். "அக்கா, உங்க வீட்ல என்னதான் நடக்குது?"

ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் எழுதினால் விரல் வலிக்கும். ஆகவே ஒரே பாடமாக எழுதிவிடுகிறேன். என் கிளாஸில் மது இல்லை. எனக்கு அந்தப் பழக்கமும் இல்லை. என் தம்பி மகன் கிளாஸில் இருந்தது. அன்று அந்த மேசையில் ஒருவர் கையிலிருந்து ஒரு கிளாஸை நான் பிடுங்கி வைத்தேன். அது அவன் கிளாஸ் இல்லை, வெறும் பழச்சாறு இருந்த கிளாஸ். அதைச் சொல்லத்தான் இத்தனை நீளம் எழுதுகிறேன். பொறுமையாகப் படியுங்கள், கடைசி பெஞ்ச் உட்பட.

பலோமா என்றால் ஸ்பானிய மொழியில் புறா. மெக்சிகோக்காரர்கள் சாதாரணமாகக் கலந்து குடிக்கும் பானம். டெக்கீலா என்ற மது, கிரேப்ஃப்ரூட் சோடா, எலுமிச்சை, உப்பு, ஐஸ், அவ்வளவுதான். பெயரைக் கேட்டால் ஏதோ கடல் தாண்டிய சமாசாரம் போலத் தெரிகிறது. தாவரவியல் ஆசிரியை கண்ணால் பார்த்தால் இதில் இருக்கும் இரண்டு செடிகளும் நம் ஓசூர், கிருஷ்ணகிரிக்காரர்களுக்குத் தெரிந்தவைதான்.

முதலில் பழம். கிரேப்ஃப்ரூட் நம் உழவர் சந்தைக்கு வராது. பெங்களூர் பெரிய கடைகளில் ஸ்டிக்கர் ஒட்டி, பயமுறுத்தும் விலையில் வைத்திருப்பார்கள். பெயரில் திராட்சை இருந்தாலும் திராட்சைக்கும் அதற்கும் உறவே கிடையாது. கொத்தாகக் காய்ப்பதால் வந்த பெயர் என்பார்கள். அதன் தாய் நம் பம்பளிமாஸ், தகப்பன் இனிப்பு ஆரஞ்சு. மேற்கிந்தியத் தீவுகளில் ஒன்றான பார்படோஸில், 18-ஆம் நூற்றாண்டில், யாரும் திட்டமிடாமல் தானாகப் பிறந்த கலப்பினம்.

நம் பக்கத்தில் பம்பளிமாஸ் என்றால் சிலர் விழிப்பார்கள். சக்கோத்தா என்று கன்னடப் பெயரைச் சொன்னால் தெலுங்கு வீடு, தமிழ் வீடு எல்லாவற்றிலும் புரியும். தேவனஹள்ளி சக்கோத்தாவுக்குப் புவிசார் குறியீடே இருக்கிறது. திப்பு சுல்தான் பிறந்த ஊர். இன்று பெங்களூர் விமானத்தைப் பிடிக்கப் போகிறீர்களே, அதே தேவனஹள்ளி. அங்கிருந்து வந்த கன்றுதான் என் வீட்டுப் பின்பக்கம் நிற்கும் மரம். உள்ளே சுளை இளஞ்சிவப்பு. படத்தில் பார்த்த நிறம் அதுதான், சாயம் எதுவும் இல்லை.

அடுத்தது கற்றாழை. ராயக்கோட்டை, கெலமங்கலம் பக்கம் ரயிலில் போனவர்களுக்குத் தெரியும். தண்டவாள ஓரத்தில் வாள் வாளாக நீட்டிக்கொண்டு நிற்குமே, ஆனைக்கற்றாழை, ரயில் கற்றாழை என்போம். ஆடு மாடு நுழையாமல் வேலிக்கு வைப்பது, நார் எடுத்துக் கயிறு திரிப்பது. தோட்டத்தில் அதன் சாறு பட்டு ராத்திரி முழுக்கச் சொறிந்துகொண்டு மறுநாள் வகுப்புக்கு வந்த பிள்ளைகள் எத்தனை பேர்! சாற்றில் கால்சியம் ஆக்ஸலேட் ஊசிப் படிகங்கள் இருக்கின்றன என்று கரும்பலகையில் படம் போட்டது நினைவிருக்கிறதா? சோற்றுக்கற்றாழைக்கு இது சொந்தக்காரன் என்று எழுதி மதிப்பெண் விட்டவர்களும் இதைப் படித்துக்கொண்டுதான் இருக்கிறீர்கள். இரண்டும் வேறு வேறு குடும்பம். ஆனைக்கற்றாழை மெக்சிகோ பக்கத்திலிருந்து வந்து நம் தக்காணத்து மண்ணில் ஒட்டிக்கொண்டது. பல வருடம் சும்மா நிற்கும், பிறகு ஒரே ஒரு முறை விளக்குக் கம்பம் போலப் பூத்தண்டு விடும், அத்தோடு செத்துப்போகும்.

டெக்கீலா என்பது மெக்சிகோவில் ஓர் ஊரின் பெயர். அங்கே நீலக் கற்றாழை என்ற ஒரே வகையிலிருந்துதான் அந்த மதுவைச் செய்யலாம், அதுவும் அந்த நாட்டின் குறிப்பிட்ட பகுதிகளில் மட்டும். நம் காஞ்சிபுரம் பட்டு மாதிரி. ஆறேழு வருடம் வளர்ந்த செடியின் இலைகளைச் சீவி எறிந்துவிட்டு, நடுவில் இருக்கும் பெரிய உருண்டையை எடுப்பார்கள். அன்னாசிப்பழம் போல இருப்பதால் அதற்குப் பெயரே அன்னாசி, அவர்கள் மொழியில் பீன்யா. அதை வேகவைத்தால் உள்ளே இருக்கும் இனுலின் சர்க்கரையாக உடையும். பிழிந்து நொதிக்கவிட்டு, இரண்டு முறை காய்ச்சி வடிப்பார்கள். நமக்குப் பக்கத்துச் சித்தூர் மாவட்டத்திலேயே டெஸ்மண்ட் நசரேத் என்பவர் தக்காணத்துக் கற்றாழையிலிருந்து முறையான உரிமத்தோடு இப்படி மது வடித்து, 2011-ல் கோவாவில் விற்பனைக்குக் கொண்டுவந்தார். டெக்கீலா என்று பெயர் வைக்க முடியாது, கற்றாழை மது என்றுதான் சொல்லவேண்டும்.

இதைத் தம்பி மகனிடம் சொன்னவுடன் அவன் கண் பளிச்சென்றது. "அத்தை, அப்ப நம்ம காட்டு வேலியில இருக்கறதையே வெட்டி..." என்று ஆரம்பித்தான். அங்கேயே நிறுத்தினேன். கடையில் வாங்கியதை வீட்டில் கலப்பது வேறு. வீட்டில் காய்ச்சுவது குற்றம். குற்றம் என்பதைக் கூட விடுங்கள்.

2008 மே மாதம் உங்களில் பலருக்கு நினைவிருக்கும். ஆனேக்கல் பக்கமும் நம் ஓசூர், கிருஷ்ணகிரி பக்கமும் கள்ளச்சாராயம் குடித்து, இரண்டு மாநிலத்திலும் சேர்த்து நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் சில நாட்களுக்குள் செத்துப்போனார்கள். பெரும்பாலும் கூலி வேலை செய்தவர்கள். ஜூனில் பள்ளி திறந்தபோது என் வகுப்புப் பதிவேட்டில் இரண்டு பிள்ளைகளின் பெயருக்கு எதிரே 'தந்தை' என்ற கட்டத்தில் கோடு போட்டுவிட்டு அம்மா பெயரை எழுதினேன். சிவப்பு மையால் எழுதவேண்டும் என்பது விதி. நீல மையால்தான் எழுதினேன், தலைமையாசிரியரும் எதுவும் கேட்கவில்லை. அந்த இரண்டு பேரில் ஒருத்தி இன்று சிப்காட்டில் சூப்பர்வைசர். இந்தப் பதிவைப் படிப்பாள். அவளைக் கேட்டுக்கொண்டுதான் இந்தப் பத்தியை எழுதினேன். "எழுதுங்க டீச்சர், எங்கப்பா கண்ணு தெரியலைன்னு சொன்னதையும் எழுதுங்க" என்றாள்.

கண் தெரியவில்லை என்றதற்குக் காரணம் மெத்தனால். நிறத்திலோ வாசனையிலோ நம்மால் பிரித்துச் சொல்ல முடியாது. நல்ல மதுவில் இருப்பது எத்தனால். மெத்தனாலை நம் கல்லீரல் முதலில் ஃபார்மால்டிஹைடாகவும் பிறகு ஃபார்மிக் அமிலமாகவும் மாற்றும். எறும்புக் கடியில் எரிகிறதே, அந்த அமிலம். கண் நரம்பை அது முதலில் பிடிக்கும். பல மணி நேரம் ஒன்றும் தெரியாமல் இருந்து பிறகுதான் பார்வை மங்கும், வயிறு புரட்டும், மூச்சு வாங்கும். அந்த நேரத்தில் மோர், எலுமிச்சை என்று வீட்டில் வைத்தியம் பார்க்காமல் நேராக ஆஸ்பத்திரிக்கு ஓடவேண்டும். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கு மேல் போனார்களே, அதுவும் இதேதான்.

இந்த ஊரில் நின்றுகொண்டு மதுவைப் பற்றி எழுதும்போது தொரப்பள்ளியை விட்டுவிட முடியாது. ராஜாஜி பிறந்த ஊர், ஓசூரிலிருந்து கூப்பிடு தூரம். அவர் சென்னை மாகாணப் பிரதமராக இருந்தபோது 1937 அக்டோபர் 1-ஆம் தேதி மதுவிலக்கை முதலில் கொண்டுவந்தது சேலம் மாவட்டத்தில். அன்று ஓசூரும் கிருஷ்ணகிரியும் சேலம் மாவட்டம்தான். வருமானத்தில் விழுந்த ஓட்டையை அடைக்க 1939-ல் விற்பனை வரி வந்தது. 1971-ல் மதுவிலக்கு தளர்ந்தது, 2003 முதல் அரசே சில்லறைக் கடை நடத்துகிறது. மதுவிலக்கு போய்விட்டது, அதற்காக வந்த வரி மட்டும் பெயர் மாற்றிக்கொண்டு நம்மோடு இருக்கிறது. இதற்கு மேல் அரசியல் வேண்டாம், கமெண்டில் சண்டை போடுவீர்கள்.

தம்பி மகனுக்கு இருபத்தொன்பது வயது, சென்னையில் வேலை. பாட்டிலைப் பார்த்ததும், அத்திப்பள்ளியில் வாங்கி ஜூஜூவாடி தாண்டிக் கொண்டுவந்தாயா என்றுதான் முதலில் கேட்டேன். அப்படிக் கொண்டுவந்து பிடிபட்டவர்களை எனக்குத் தெரியும். இல்லை, சென்னையில் டாஸ்மாக் கடையில் வாங்கியது என்று பில்லைக் காட்டினான். அப்புறம் பார்த்தால் பாட்டிலை எடுத்துக்கொண்டு சமையலறைக்குள் போய், பிரிட்ஜ் கதவைத் திறந்து வைத்து அதன் மறைவில் நின்று ஊற்றுகிறான். ஏனென்றால் ஹாலில் அவன் அப்பா உட்கார்ந்திருக்கிறார். கைநடுக்கத்தில் அரை டம்ளர் ஊற்றிவிட்டான், அளவு ஒன்றும் இல்லை.

"பெரியவங்க முன்னாடி கூடாதுன்னு மறைக்கிற, சரி. மறைச்சா கல்லீரலுக்குத் தெரியாதா? மேசைக்குக் கொண்டு வா, அளந்து ஊத்து" என்றேன். என் தம்பி டி.வி.யிலிருந்து கண்ணை எடுக்கவே இல்லை. சத்தத்தை மட்டும் கூட்டி வைத்தான். அப்பாவுக்கும் மகனுக்கும் நடுவில் இந்த விஷயத்தில் இதுவரை ஒரு வார்த்தை நடந்ததில்லை என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. உறவுகளில் சிலர் இதற்கு என்னைத் திட்டுவீர்கள், திட்டிக்கொள்ளுங்கள். ஒளிந்து நின்று குடிப்பவன் வேகமாகவும் அளவில்லாமலும் குடிப்பதை என் வாழ்நாளில் நிறையப் பார்த்திருக்கிறேன்.

பீரோவில் இருந்த பழைய அளவு ஜாடியை எடுத்துக் கொடுத்தேன். செய்முறை கேட்டவர்களுக்காக அதையும் சொல்லிவிடுகிறேன். பழத்தின் மேல் தோலையும் வெள்ளைப் பஞ்சையும் எடுத்துவிட்டு, ஒவ்வொரு சுளையின் மெல்லிய தோலையும் உரிக்கவேண்டும். கசப்புத் தரும் நரிஞ்சின் அங்கேதான் அதிகம். மிக்ஸியில் போடாதீர்கள், கொட்டையும் தோலும் அரைபட்டுக் கஷாயம் ஆகிவிடும். கையால் பிசைந்து வடிகட்டினால் போதும். ஒரு கிளாஸுக்குச் சாறு 90 மி.லி., எலுமிச்சை அரை மூடி, சர்க்கரைப் பாகு இரண்டு டீஸ்பூன். கல் உப்பை உரலில் ஒன்றிரண்டாக இடித்துத் தட்டில் பரப்பி, கிளாஸ் விளிம்பில் எலுமிச்சையைத் தேய்த்து உப்பில் ஒற்றி எடுக்கவேண்டும். இந்த உப்பு அலங்காரத்துக்கு மட்டும் இல்லை. சோடியம் நாக்கில் கசப்பை அமுக்கும். நெல்லிக்காய்க்கு நாம் உப்புத் தொட்டுக்கொள்வதும் இதே சங்கதி. பிறகு ஐஸ், சாறு, பாகு எல்லாம் ஊற்றிக் கலக்கிவிட்டு, சில்லென்ற சோடாவைக் கடைசியில் 100 மி.லி. ஊற்றவேண்டும். முன்னால் ஊற்றிக் கலக்கினால் நுரை எல்லாம் போய்விடும். நான் கோலி சோடாதான் ஊற்றினேன். மது ஊற்றாமலேயே பிரமாதமாக இருந்தது, சத்தியமாகச் சொல்கிறேன்.

மது ஊற்றுகிறவர்களுக்கு ஒரு கணக்கு. வழக்கமான செய்முறையில் ஒரு கிளாஸுக்கு 60 மி.லி. என்று இருக்கும். பாட்டிலில் 42.8 சதவீதம் என்று போட்டிருந்தது. 60 மி.லி.யில் கிட்டத்தட்ட 25.7 மி.லி. எத்தனால். எடையில் சுமார் 20 கிராம். கல்லீரல் ஒரு மணி நேரத்துக்குப் பத்து கிராம் எரிப்பதே பெரிய விஷயம். புளிப்பும் இனிப்பும் சோடாவும் சேர்ந்தால் மது இருப்பதே நாக்குக்குத் தெரியாது, மோர் குடிப்பது போல இறங்கிவிடும். அதனால் 30 மி.லி.யோடு நிறுத்து, பைக் சாவியை என்னிடம் கொடு என்றேன், கொடுத்தான். எந்த அளவுமே உடம்புக்குப் பாதுகாப்பானது இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2023-ல் சொன்னதையும் சொன்னேன். தலையை ஆட்டினான். தலையாட்டலை நம்பி முப்பது வருடம் பாடம் நடத்தியவள் நான், அதன் மதிப்பு எனக்குத் தெரியும்.

இப்போதுதான் விஷயத்துக்கு வருகிறேன்.

டி.வி.யை அணைத்துவிட்டு என் தம்பி மேசைக்கு வந்தான். "எனக்கு அந்தக் கருமம் வேண்டாம்க்கா. உன்னோடது மாதிரி வெறும் ஜூஸ் கொடு, பெரிய டம்ளர்ல" என்றான். மூன்று வருடத்துக்கு முன் நெஞ்சு வலி வந்தவன். மதுவைத் தொடுவதில்லை, சிகரெட்டையும் விட்டுவிட்டான். அந்த வீட்டிலேயே ஒழுங்கானவன் அன்று அவன்தான். ஊற்றிக் கொடுக்கும்போது மேசை மேல் அவன் மாத்திரை டப்பா இருந்தது. சும்மா அட்டையைத் திருப்பிப் பார்த்தேன். கொழுப்புக்கு அடோர்வாஸ்டாடின். ரத்த அழுத்தத்துக்கு நிஃபெடிபின். டம்ளரை அவன் வாய்க்குக் கிட்டேயிருந்து பிடுங்கிவிட்டேன்.

"என் மகன் சாராயம் குடிக்கலாம், நான் பழம் சாப்பிடக் கூடாதா?" என்று கத்தினான். நியாயமான கேள்விதான்.

பதில் 1989-ல் கனடாவில் கிடைத்தது. லண்டன் என்று அங்கேயும் ஓர் ஊர் இருக்கிறது. டேவிட் பெய்லி என்ற ஆய்வாளரும் அவர் குழுவும் ஃபெலோடிபின் என்ற ரத்த அழுத்த மாத்திரையோடு மது சேர்ந்தால் என்ன ஆகும் என்று சோதித்தார்கள். மதுவின் சுவை தெரியாமல் இருக்க அதைக் கிரேப்ஃப்ரூட் சாற்றில் கலந்து கொடுத்தார்கள், கிட்டத்தட்ட என் தம்பி மகன் கலந்த பானம்தான். பார்த்தால், மது இல்லாமல் வெறும் சாறு குடித்தவர்களுக்கும் ரத்தத்தில் மாத்திரையின் அளவு எதிர்பார்த்ததை விட எகிறியிருந்தது. மதுவைச் சோதிக்கப் போனவர்களிடம் மாட்டியது பழம்.

காரணம் எளிது. நாம் விழுங்கும் பல மாத்திரைகளில் ஒரு பகுதியைக் குடல் சுவரில் இருக்கும் ஒரு நொதி உடைத்துவிடும். அதன் பெயர் சி.ஒய்.பி. 3ஏ4. வாட்ச்மேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவன் இத்தனை பேரைத் தடுப்பான் என்று கணக்குப் பார்த்துத்தான் மாத்திரையின் அளவே முடிவாகிறது. கிரேப்ஃப்ரூட்டில் இருக்கும் ஃபியூரனோகூமரின் என்ற பொருட்கள் அந்த வாட்ச்மேனை ஒரேயடியாகப் படுக்கவைத்துவிடும். உடம்பு புதிய ஆளைப் போடும் வரை, அதாவது ஒரு நாள் முதல் மூன்று நாள் வரை, கதவு திறந்தே கிடக்கும். ஒரு மாத்திரை விழுங்கினால் பல மாத்திரை விழுங்கிய மாதிரி ஆகலாம். காலையில் மாத்திரை, சாயந்திரம் பழம் என்று பிரித்துச் சாப்பிட்டாலும் தப்ப முடியாதது இதனால்தான். தாய்க்கு உள்ள குணம்தான் மகளுக்கு வந்தது. பம்பளிமாஸிலும் அதே பொருட்கள் இருக்கின்றன. மாற்றுச் சிறுநீரகம் பொருத்திய நோயாளி ஒருவர் பம்பளிமாஸ் சாப்பிட்டு, அவருடைய டாக்ரோலிமஸ் மருந்தின் அளவு ரத்தத்தில் ஏறியது மருத்துவ இதழில் பதிவாகியிருக்கிறது.

எல்லா மாத்திரைக்கும் இது பொருந்தாது, பயப்படவேண்டாம். கொழுப்பு மாத்திரையில் சிம்வாஸ்டாடின், அடோர்வாஸ்டாடின் மாட்டும், ரோசுவாஸ்டாடின் மாட்டாது. அழுத்தத்துக்கு ஃபெலோடிபின், நிஃபெடிபின் மாட்டும், அம்லோடிபினுக்குப் பாதிப்பு மிகக் குறைவு. உறுப்பு மாற்றம் செய்தவர்கள் சைக்ளோஸ்போரின், டாக்ரோலிமஸ் சாப்பிடுவார்கள், அவர்கள் இந்தப் பழத்தின் பக்கமே போகக்கூடாது. நான் டாக்டர் இல்லை. உங்கள் அட்டையை உங்கள் டாக்டரிடம் காட்டிக் கேளுங்கள், நீங்களாக மாத்திரையை நிறுத்தாதீர்கள். இன்னொன்று. சர்க்கரைக்கு கிளிமிபிரைடோ இன்சுலினோ எடுத்துக்கொண்டு, நைட் ஷிப்ட் முடிந்து வெறும் வயிற்றில் குடிப்பவர்கள் உங்களில் இருக்கிறீர்கள். சர்க்கரை திடீரென்று இறங்கும். தள்ளாடுவதைப் பார்த்துப் போதை என்று எல்லோரும் விலகிப் போய்விடுவார்கள்.

தம்பியின் டாக்டருக்குப் போன் செய்தோம். வேண்டாம் என்றுதான் அவரும் சொன்னார். சாத்துக்குடிக்கு இந்தச் சிக்கல் இல்லை, அதைப் பிழிந்து, அதே உப்பு வைத்த கிளாஸில் தம்பி மகன் கொண்டுவந்து அவன் அப்பாவிடம் கொடுத்தான். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே வாங்கினான். அரை கிளாஸ் ஆனதும், "நீ குடிக்கிறது எவ்வளவு இருக்கும்?" என்று மகனைக் கேட்டான். "முப்பதுப்பா" என்றான் இவன். "அளந்தியா?" "அளந்தேன்." அவ்வளவுதான் பேச்சு. படம் அதற்கடுத்த நிமிடம் எடுத்தது.

மரத்தில் இன்னும் பதினான்கு பழம் இருக்கிறது. ஓசூரில் இருப்பவர்கள் ஞாயிறு காலை பத்து மணிக்கு மேல் வந்து ஆளுக்கு ஒன்று வாங்கிக்கொள்ளலாம். பையோடு வீட்டில் பெரியவர்கள் சாப்பிடும் மாத்திரை அட்டையையும் கொண்டுவாருங்கள். பார்த்துவிட்டுத்தான் தருவேன்.